‘பல்ப்’ (Pulp) படத்தில் குரல் ஒன்று, காட்சி வேறு: ஏன்?

சரி, அடுத்த கேள்வி. பாலக்கோட்டிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: “அண்ணா, நீங்கள் சொன்ன ‘பல்ப்’ படம் பார்த்தேன். நாயகன் பின்னணியில் பேசுவது ஒன்று, திரையில் நடப்பது வேறு. எடிட்டிங் பிழையா? கடைசியில் குற்றவாளிகளுக்குத் தண்டனையும் இல்லையே?”

பிழையே இல்லை தங்கச்சி, படத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. 1972இல் மைக் ஹாட்ஜஸ் எழுதி இயக்கிய ஆங்கிலப் படம் இது. நாயகன் மைக்கேல் கெய்ன் இதில் மலிவு விலைத் துப்பறியும் நாவல் எழுதுகிறவர். டேப்பில் கதையைப் பேசிக் கொடுப்பார், டைப்பிஸ்ட் பெண்கள் அடித்துத் தருவார்கள். ஓய்வு பெற்ற ஹாலிவுட் நடிகர் ஒருவருக்குச் சுயசரிதை எழுதித் தரும் வேலை வருகிறது. உழைப்பு இவருடையது, பெயர் நடிகருடையது.

அந்தக் குரலை இன்னொரு முறை கேளுங்கள். கண்முன் நடப்பதை, தன் நாவலில் எப்படி எழுதுவாரோ அப்படியே சொல்லிக்கொண்டு போகிறார். குரலில் பெரிய சூரர். திரையில் கசங்கிய கோட்டுடன் தடுமாறுகிற மனிதர். சிரிப்பு அங்கிருந்துதான் வருகிறது. அப்புறம் அந்த விருந்துக் காட்சி! நடிகர் எப்போதும் குறும்பு செய்கிறவர் என்பதால், அவரை நிஜமாகவே சுடும்போதும் அதுவும் விளையாட்டு என்று நினைத்துவிடுகிறார்கள். எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

இப்போது முடிவுக்கு வருவோம். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் மாத நாவல் வாங்கி, சேலம் போய்ச் சேர்வதற்குள் படித்து முடித்தவர்கள் நாம். கடைசி அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர் விலங்கு மாட்டியே ஆக வேண்டும் என்று பழகிவிட்டோம். இந்த நாயகன் எழுதுவதும் அந்த மாதிரிக் கதைதான். ஆனால் அவர் மாட்டிக்கொண்டது செல்வாக்குள்ளவர்கள் மூடி மறைத்த ஒரு பெண்ணின் சாவில். இத்தாலியில் நிஜமாகவே இப்படி ஒரு வழக்கு உண்டு. 1953இல் ரோமுக்கு அருகே கடற்கரையில் வில்மா மொன்டேசி என்ற 21 வயதுப் பெண்ணின் உடல் கிடந்தது. வெளியுறவு அமைச்சரின் மகன் பெயர் அடிபட்டது, அமைச்சர் பதவி விலகினார். 1957இல் மகன் விடுதலையானார். அந்தச் சாவுக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை.

நிஜத்தில் இப்படி விடை கிடைக்காமலே போய்விடுவதால்தான், படத்திலும் நாயகன் யாருக்கும் தண்டனை வாங்கித் தர முடியாமல் கடைசியில் காலில் கட்டோடு படுத்துக் கிடக்கிறார். இங்கே விலங்கு மாட்டிக் காட்டியிருந்தால், அது அவர் எழுதும் இன்னொரு நாவலாகத்தான் ஆகியிருக்கும்.