ஒளியின் கைரல் தன்மையும் கோண உந்தமும் ஒன்றா?

அனைவருக்கும் வணக்கம். வட்ட முனைவாக்கம் பெற்ற ஒளி, அதாவது மின்புலம் சுழன்றுகொண்டே முன்செல்லும் ஒளி, கோண உந்தத்தைச் சுமக்கிறது என்பதையும், அந்த ஒளி வலம்புரி, இடம்புரி என இரு வகைப்படும் (இதுவே அதன் கைரல் தன்மை) என்பதையும் நூல்கள் அடுத்தடுத்த வரிகளில் சொல்லிச் செல்வதால், இரண்டும் ஒரே பண்பின் இரு பெயர்கள் என்ற எண்ணம் பலருக்கும் பதிந்துவிடுகிறது. அவை ஒன்றல்ல. மொத்தக் கோண உந்தம் சுழியாக இருக்கும் கைரல் ஒளியையும், கோண உந்தம் இருந்தும் கைரல் அல்லாத ஒளியையும் உருவாக்க முடியும்.

ஒரு பொருளை எப்படித் திருப்பினாலும் அதன் ஆடிப் பிம்பத்தோடு பொருத்த முடியாவிட்டால் அது கைரல் பொருள். நின்ற இடத்தில் சுழலும் பம்பரம் மேலிருந்து பார்ப்பவருக்கு வலஞ்சுழியாகத் தெரிந்தால், கீழிருந்து பார்ப்பவருக்கு இடஞ்சுழியாகத் தெரியும். ஆகவே வெறும் சுழற்சிக்குப் புரி கிடையாது. சுழலும் பொருள் தன் அச்சின் வழியே நகரவும் செய்தால், அதன் விளிம்புப் புள்ளி வரையும் சுருளுக்கு ஒரு புரி உண்டு. எந்த முனையிலிருந்து பார்த்தாலும் அது மாறாது. இந்த வேறுபாட்டைக் கூர்மையாக வரையறுத்தவர் கிளாஸ்கோ பல்கலைக்கழக வேதியியலாளர் லாரன்ஸ் பேரன் (Laurence Barron). ஃபோட்டானின் தற்சுழற்சி அது செல்லும் திசையிலோ எதிர்த்திசையிலோ ħ (குறைக்கப்பட்ட பிளாங்க் மாறிலி) அளவில் அமைகிறது. செல்லும் திசையோடு ஒப்பிட்டுச் சொல்லும் இந்தக் குறியே ஹெலிசிட்டி. ஒளியின் கைரல் தன்மை இதைச் சார்ந்தது.

இப்போது ஒளியைப் பிரதிபலிக்கும் கண்ணாடி ஒன்றில் செங்குத்தாக விழச் செய்வோம். ஒளியின் உந்தம் திரும்புகிறது, ஆனால் இடவெளியில் நிலையான அச்சைப் பொறுத்த தற்சுழற்சி அப்படியே இருக்கிறது. எனவே கண்ணாடி கோண உந்தம் எதையும் பெறாமலேயே வலம்புரி ஒளி இடம்புரி ஆகிவிடுகிறது. வட்ட முனைவாக்கத்தின் சுழல்திசையைத் திருப்பும் படிகத் தகடான அரையலைத் தகட்டிலோ நிலைமை வேறு: ஒளியின் திசை மாறாமல் தற்சுழற்சி மட்டும் திரும்புவதால், ஒவ்வொரு ஃபோட்டானும் தகட்டுக்கு 2ħ கோண உந்தத்தைத் தந்து செல்கிறது.

வட்ட முனைவாக்க ஒளி கோண உந்தம் சுமக்கும் என்று 1909-இல் பாயின்டிங் சொன்னார். ஃபோட்டானின் தற்சுழற்சிக்கு ஒளிச்சிதறல் அளவீடுகளிலிருந்து சான்று கிடைத்ததாகச் சி. வி. ராமனும் பகவந்தமும் 1931-இல் கல்கத்தாவிலிருந்து எழுதினார்கள். அந்தக் கோண உந்தத்தை முறுக்கு விசையாகவே அளந்தவர், 1936-இல் ரிச்சர்ட் பெத். அவர் குவார்ட்ஸ் இழையில் ஓர் அரையலைத் தகட்டைத் தொங்கவிட்டு, கீழிருந்து ஒளியைச் செலுத்தினார். விளைவு மிகச் சிறியது என்பதால், ஒளியை மேலே திருப்பி மீண்டும் தகட்டின் வழியே அனுப்ப விரும்பினார். அங்கே வெறும் கண்ணாடியை வைத்திருந்தால், திரும்பி வரும் ஒளி எதிர்த்திசையில் முறுக்கி முதல் விளைவை முழுமையாக அழித்திருக்கும். ஆகவே அவர் அரையலைத் தகட்டின் பாதி விளைவைத் தரும் காலலைத் தகடு ஒன்றை அசையாதபடி வைத்து, அதன் மேற்பரப்பில் அலுமினியம் பூசினார். காலலைத் தகட்டை ஒளி இருமுறை கடப்பதால் புரி மாறாமல் திரும்புகிறது. ஒவ்வொரு ஃபோட்டானும் 4ħ தருகிறது. இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் ஏற்பாடு இதுதான்: கோண உந்தத்தையும் புரியையும் தனித்தனியே கணக்கு வைத்த ஒருவரால் மட்டுமே இதைச் சிந்தித்திருக்க முடியும்.

தொடக்கத்தில் சொன்ன இரண்டு ஒளிகளையும் இதே சிந்தனையிலிருந்து பெறலாம். சமச் செறிவுள்ள இரு கற்றைகளை எதிரெதிரே செலுத்துவோம். இரண்டும் வலம்புரியாக இருந்தால், அவற்றின் தற்சுழற்சிகள் வெளியில் எதிரெதிரானவை. மொத்தக் கோண உந்தம் சுழி. மின்புலம் எந்த இடத்திலும் சுழலாமல் ஒரே கோட்டில் அலைகிறது. ஆனால் அந்தக் கோட்டின் திசை அச்சின் வழியே நகர நகர முறுக்கிக்கொண்டே போவதால், வெளியில் அசையாமல் நிற்கும் ஒரு சுருள் உருவாகிறது. ஒன்று வலம்புரி, மற்றொன்று இடம்புரி என்றால், மின்புலம் எங்கும் ஒரே திசையில் சுழல்கிறது, கோண உந்தமும் கூடுகிறது. முறுக்கு மட்டும் இல்லை. புலத்தின் முறுக்கை ஒவ்வொரு புள்ளியிலும் அளக்கும் ஒரு கணியத்தை 1964-இல் லிப்கின் கண்டறிந்திருந்தார். கைரல் மூலக்கூறு வலம்புரி ஒளியையும் இடம்புரி ஒளியையும் வெவ்வேறு அளவில் உட்கவர்வதை அக்கணியமே தீர்மானிக்கிறது என்று 2010-இல் டாங், கோஹன் இருவரும் காட்டினார்கள்.

தற்சுழற்சியிலிருந்து அல்லாமல் அலைமுகப்பின் வடிவிலிருந்து வரும் சுற்றுக் கோண உந்தத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். அலைமுகப்பு திருகுச் சுருளாக அமைந்த லாகேர்-காஸ் என்ற வகைக் கற்றையில் ஒவ்வொரு ஃபோட்டானும் lħ (l என்பது சுருளின் முறுக்கைக் குறிக்கும், குறியுள்ள முழு எண்) சுமக்கும் என்று 1992-இல் லெய்டனில் ஆலனும் உடன் ஆய்வாளர்களும் நிறுவினார்கள். வடிவில் இது ஐயமின்றிக் கைரல்தான். ஆயினும், கைரல் மூலக்கூறுக் கரைசலில் இதைச் செலுத்திப் பார்த்து 2005-இல் வெளியான சோதனையில், l-இன் குறியைச் சார்ந்த வேறுபாடு எதுவும் தென்படவில்லை. அந்தச் சுருள் கற்றையின் அகலம் முழுவதும் விரிந்திருக்கிறது. நானோமீட்டர் அளவுள்ள மூலக்கூறு நிற்கும் இடத்தில் அது சற்றே சாய்ந்த சாதாரண அலையாகத்தான் இருக்கும்.

கற்றையின் அளவோடு ஒப்பிடத்தக்க பொருள் என்றால் முடிவு வேறாகிறது. ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஒமாட்சுவின் குழு, 2012-இல் வெளியிட்ட ஆய்வில், டான்டலம் பரப்பை இத்தகைய ஒளியால் உருக்கியது. உருகிய உலோகம் கற்றையின் அச்சை நோக்கித் திரண்டு ஊசியாக எழும்போது ஒளி அதற்குச் சுழற்சியையும் தருவதால், அது முறுக்கிய வடிவிலேயே உறைகிறது. ஒளியின் கோண உந்தத்தின் குறியை மாற்றினால் ஊசியின் புரியும் மாறுகிறது.