கிராஞ்சியில் ஒரு ஞாயிறு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

சைக்கிள் ஓட்டி இயற்கையை ரசிக்கச் சிறந்தது வெளிநாட்டு மலைப்பாதையா, சிங்கப்பூர்ப் பாதையா? இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன், பிரான்சின் ஆல்ப் துவேஸ் மலையில் 21 கொண்டை ஊசி வளைவுகள், தமிழ்நாட்டின் கொல்லிமலையில் 70 என்று அடுக்கினார். சிங்கப்பூரின் உயரமான குன்றான புக்கிட் தீமா வெறும் 163 மீட்டர், அதெல்லாம் ஒரு மலையா என்றும் கேட்டார்.

சரி, உயரத்தில் தோற்றோம். கொல்லிமலையில் நானும் ஏறியிருக்கிறேன், அழகுதான். ஆனால் என் கண் பாதி நேரம் அடுத்த வளைவில் வரப்போகும் பேருந்தைத்தான் தேடியது.

இப்போது என்னோடு சிங்கப்பூரின் வடமேற்கில் பண்ணைகள் இருக்கும் கிராஞ்சிக்கு வாருங்கள். ஞாயிறு காலை ஆறு மணி, நியோ தியூ சாலை. இன்னும் இருட்டு. முன்னால் போகிறவரின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிகிறது. ஒரு வளைவு திரும்பியதும் காற்று சட்டென்று குளிர்கிறது. ஈர மண்ணும் பண்ணை எருவும் மணக்கின்றன. எங்கோ ஒரு சேவல் கூவுகிறது. அடுக்குமாடி வீட்டிலேயே வளர்ந்த என் 16 வயது மகள் அந்தக் கூவலை முதல்முறை கேட்டபோது பிரேக் பிடித்து நின்றுவிட்டாள். இன்னொரு முறை கூவட்டும் அப்பா என்றாள். நின்றோம். கூவியது.

அப்புறம் தீவின் கிழக்குக் கோடியில் சாங்கி கடலோரம். டிசம்பர், ஜனவரியில் சாங்கியை நோக்கிப் போனால் வடகிழக்குப் பருவக்காற்று நெஞ்சிலேயே அடிக்கும். மலையில்லாத ஊரில் எங்களுக்கு அந்தக் காற்றுதான் ஏற்றம். திரும்பி வரும்போது அதுவே முதுகைப் பிடித்துத் தள்ளிவிடும். ஜூன் வந்தால் காற்று தெற்கிலிருந்து வீசும். போகும்போது சுகம், வரும்போது உழைப்பு. வாராவாரம் போகிறவனுக்குத்தான் இது பிடிபடும். ஒரு வாரச் சுற்றுலாவில் இது எப்படித் தெரியும், அண்ணே?

இன்னும் ஒன்று. அதே நியோ தியூ சாலைக்குப் பக்கத்தில்தான் சுங்கை பூலோ சதுப்புநிலம். செப்டம்பர் முதல் மார்ச் வரை சைபீரியாவிலிருந்தெல்லாம் பறவைகள் வந்து இறங்குகின்றன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து, எத்தனையோ மலைகளைத் தாண்டி, நம் ஊர்ச் சேற்றில் இரை தேடுகின்றன. நாமோ சைக்கிளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு விமானம் ஏறுகிறோம்!

நடுவர் அவர்களே, வரும் ஞாயிறு நீங்களும் வாருங்கள், அண்ணனையும் அழைத்து வாருங்கள். முன்விளக்கும் பின்விளக்கும் நான் கொண்டுவருகிறேன். வணக்கம்.