மெட்டாலிகா வேகம் குறைத்தது வளர்ச்சியே!

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் இசை ரசிகர்களே, அனைவருக்கும் வணக்கம்.

'1991-இல் மெட்டாலிகா எளிய இசைக்கு மாறியது வளர்ச்சியா, வீழ்ச்சியா?' என்பது இன்றைய தலைப்பு. வளர்ச்சியே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய நண்பர் மனம் நொந்து பேசினார். த்ராஷ் மெட்டல் என்னும் அதிரடி ராக் இசையின் வேகத்தால் பெயர் பெற்ற இந்த அமெரிக்கக் குழு, அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்ட கறுப்பு அட்டை ஆல்பத்தில் வேகத்தைக் கைவிட்டது, பாடல்களைச் சுருக்கியது, பாப் ராக் என்னும் பெயருடைய தயாரிப்பாளரிடம் போய்ப் பணத்துக்கு விலைபோனது என்றார். அவருடைய வருத்தம் உண்மையானது, அதை மதிக்கிறேன். ஆனால் அவருடைய கணக்கு தவறு.

முதலில் 1988-க்குப் போவோம். 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தின் தலைப்புப் பாடல் ஏறத்தாழ பத்து நிமிடம் ஓடும். தாளம் மாறிக்கொண்டே இருக்கும், ஒரு பகுதி முடிவதற்குள் மூன்று பகுதிகள் வந்துவிடும். அந்தப் பாடலை மேடையில் வாசித்தபோது முன்வரிசை ரசிகர்களே சோர்ந்து நின்றதைக் கண்டதாகக் கிட்டார் கலைஞர் கர்க் ஹாமெட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த ஆல்பத்தில் ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸ் கிட்டார் காதில் விழுகிறதா என்று எதிரணியினர் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். நால்வர் வாசித்த இசையில் ஒருவரைக் காணவில்லை! அந்தப் பாதை அதற்குமேல் எங்கே போயிருக்கும்? பன்னிரண்டு நிமிடப் பாடலுக்கா?

வேகம் போனதால் கனமும் போனது என்கிறார்கள். நடுவர் அவர்களே, கறுப்பு அட்டை ஆல்பத்தின் 'சேட் பட் ட்ரூ' பாடலைக் கேளுங்கள். புதிய பாடல்களைக் கேட்ட பாப் ராக், எல்லாமே ஈ சுருதியில் இருக்கின்றனவே என்று கேட்டார். அதைவிடத் தாழ்ந்த சுரம் கிட்டாரில் இல்லையே என்பது குழுவினரின் எண்ணம். கம்பிகளைத் தளர்த்தி டி சுருதிக்கு இறக்குங்கள் என்றார் அவர். இறக்கினார்கள். ஒவ்வொரு அடிக்கும் இடையே மூச்சு விடும் அளவு இடைவெளி, அந்த இடைவெளிக்குள் டிரம்ஸ் ஓங்கி இறங்குகிறது, பேஸ் கிட்டார் அடியிலிருந்து தாங்குகிறது. மெட்டாலிகா அதுவரை பதிவு செய்ததிலேயே கனமான பாடல் அதுதான் என்பேன். மேலோட்டமாகக் கேட்பவருக்கு அது மெதுவான பாடல், அவ்வளவுதான். விளம்ப காலத்தில் தாளம் பிடிப்பதுதான் கடினம் என்பது இசை பயின்ற எவருக்கும் தெரியும். வேகத்தில் சிறு பிசகு ஒளிந்துகொள்ளும், நிதானத்தில் ஒளிய இடம் கிடையாது.

எளிமை என்றால் சோம்பல் என்று நினைப்பவர்கள் இந்தப் பதிவின் கதையைப் படிக்க வேண்டும். 1990 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோவுக்குள் போனவர்கள் மறு ஆண்டு ஜூன் வரை வேலை செய்தார்கள். தனித்தனியாகப் பதிவு செய்து பழகியவர்களை ஒன்றாக நின்று வாசிக்க வைத்தார் பாப் ராக். ஓயாத சண்டை. ஒலிக்கலவையை மூன்று முறை மாற்றினார்கள். செலவு சுமார் பத்து லட்சம் டாலர். 'என்டர் சாண்ட்மேன்' பாடலின் வரிகளைத் திருத்தி எழுதச் சொன்னபோது பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டுக்குக் கோபம் வந்தது, ஆனாலும் எழுதினார். குரல் கெட்டுப்போனபோது முறையாகக் குரல் பயிற்சியும் எடுத்துக்கொண்டார். உலகின் உச்சியில் இருந்த ஒரு பாடகர் மாணவராக உட்கார்ந்தார் என்றால் அதற்குப் பெயர் வீழ்ச்சியா? 'என்டர் சாண்ட்மேன்' பாடலின் ரிஃப்பையே, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹாமெட் அமைத்ததைக் கேட்ட டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிக், முதல் பகுதியை மூன்று முறை வாசித்துவிட்டுப் பிறகு முடிவுப் பகுதிக்குப் போ என்றார். ஒரு சுரத்தைக்கூடக் கூட்டவில்லை. அந்த ஒரே மாற்றத்தில்தான் அது உலகமே முணுமுணுக்கும் ரிஃப் ஆனது.

அடுத்து, எதிரணி பெரிதும் வெறுக்கும் 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்'. காதலியோடு தொலைபேசியில் பேசிக்கொண்டே ஹெட்ஃபீல்டு ஒரு கையால் கிட்டார் கம்பிகளைச் சும்மா மீட்டியபோது பிறந்தது அதன் தொடக்கம். இடது கைக்கு அங்கே வேலையே இல்லை, திறந்த கம்பிகள் மட்டுமே பேசுகின்றன. இது மிகவும் சொந்த விஷயம், மெட்டாலிகா ஆல்பத்துக்கு ஏற்றதல்ல என்றுதான் அவர் முதலில் நினைத்தார். சந்தைக்காகத் திட்டமிட்டவர் அப்படியா நினைப்பார்? அதே ஆல்பத்தில் 'தி காட் தட் ஃபெயில்டு' இருக்கிறது. மத நம்பிக்கையால் மருத்துவம் மறுத்துப் புற்றுநோயில் இறந்த தாயைப் பற்றி மகன் ஹெட்ஃபீல்டு பாடுவது அது. அதைக் கேட்டுவிட்டு 'விலைபோனார்' என்று சொல்ல எனக்கு நா எழாது.

பணக் குற்றச்சாட்டு புதிதும் அல்ல. 1984-இல் 'ஃபேட் டு பிளாக்' மென்மையான கிட்டாரோடு தொடங்கியதற்கே துரோகம் என்று கத்தியவர்கள் உண்டு. இன்று அதே பாடலைத்தான் எதிரணி பொற்காலத்துக்குச் சாட்சியாகக் காட்டுகிறது! 1996-க்குப் பிறகு வந்த ஆல்பங்களை இழுத்து வந்து இதன்மேல் பழி போடுவதும் முறையல்ல. அது வேறு வழக்கு, அதில் என் தீர்ப்பும் கடுமையாகவே இருக்கும்.

கடைசியாக ஒன்று. இந்த ஆல்பத்தால் வந்தவர்கள் இரண்டு பாடலோடு நின்றுவிட்டவர்கள் என்று ஏளனம் செய்தார் நண்பர். அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடியே அறுபது லட்சம் பிரதிகளுக்குமேல் விற்ற ஆல்பம் இது. வாங்கியவர்கள் நின்றுவிட்டார்களா? 1986-இல் வந்த மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பம் அமெரிக்காவில் அறுபது லட்சம் பிரதிகளுக்கான சான்று பெற்றது 2003-இல். பதினேழு ஆண்டுகள் கழித்து அந்த எட்டு நிமிடப் பாடல்களைத் தேடிப் போனவர்கள் யார்? 1991-இல் இந்த வாசல் வழியே நுழைந்தவர்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்று உறுதியாக நம்புகிறேன். அவர்களையும் ரசிகர்கள் என்று ஏற்றுக்கொண்டு எங்கள் அணிக்கே தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.