உப்புச் சப்பில்லாத மனிதர்: ஒன்ராறியோவின் பில் டேவிஸ்

சபையில் இருக்கும் பெரியவர்களுக்கும், அப்பா அம்மா இழுத்துக்கொண்டு வந்ததால் பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் இருக்கும் பிரம்ரன் நீதிமன்றத்துக்கு மொழிபெயர்ப்பாளனாகப் பல தடவை போயிருக்கிறேன். அந்தப் பெரிய கட்டடத்துக்கு ஏ. கிரென்வில், வில்லியம் டேவிஸ் என்று இரண்டு பேரின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஒருநாள் உள்ளே கூப்பிடும்வரை காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்த ஐயா ஒருவர் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு, "தம்பி, ஆர் இந்த ரெண்டு டேவிசும்?" என்று கேட்டார். ஒருவர் தகப்பன், இந்தப் பகுதியின் அரச வழக்கறிஞராக இருந்தவர். மற்றவர் மகன், இந்த ஒன்ராறியோ மாகாணத்தின் முதல்வராக இருந்தவர் என்றேன். "முதல்வரோ? என்ன செய்தவர்?" என்றார். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த ஐயாவுக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இன்றைக்கு உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

வில்லியம் டேவிஸ், எல்லாருக்கும் பில் டேவிஸ், 1929 இல் பிறந்தவர். வளர்ந்தது, வாழ்ந்தது, 2021 ஓகஸ்ட் மாதம் 92 வயதில் கண்மூடியது எல்லாம் பிரம்ரனில். அவர் சிறுவனாக இருந்த காலத்தில் பிரம்ரன் பூச்செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடாரங்களுக்குப் பெயர்போன சின்ன ஊர். இன்றைக்கு அங்கே வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சட்டம் படித்தார். 1959 இல், 29 வயதில், பீல் தொகுதியில் வென்று சட்டமன்றம் போனார். மூன்றே வருடத்தில், 1962 இல், முதல்வர் ஜோன் றொபார்ட்ஸ் அவரைக் கல்வி அமைச்சராக்கினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். டேவிஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர் முதல்வராக இருந்த 14 வருடத்தைத்தான் பேசுவார்கள். அதற்கு முன் கல்வி அமைச்சராக இருந்த 9 வருடம்தான் அவருடைய உண்மையான வேலை என்பது என் எண்ணம். முதல்வர் பதவியை வேறொருவரும் அவரைப்போல ஓட்டியிருக்கலாம். அந்த 9 வருடத்தை வேறொருவர் அப்படிச் செய்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

அவர் பொறுப்பேற்றபோது மாகாணம் எப்படி இருந்தது? இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் பிறந்த பிள்ளைகள் பெருவெள்ளமாகப் பாடசாலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். நிர்வாகமோ குதிரைவண்டிக் காலத்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் ஒன்ராறியோவில் 3,000க்கும் மேற்பட்ட பாடசாலைச் சபைகள் இருந்தன. சில சபைகளுக்குக் கீழே ஒரே ஓர் அறையும் ஒரே ஓர் ஆசிரியையும் உள்ள ஒரேயொரு பள்ளிக்கூடம். அங்கே விஞ்ஞானகூடமும் நூலகமும் எங்கிருந்து வரும்? டேவிஸ் அவற்றைப் படிப்படியாக இணைத்தார். 1969 இல் எண்ணிக்கை 200க்கும் கீழே வந்துவிட்டது. கிராமத்துச் சனம் சும்மா இருக்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டுப் பிள்ளையை மஞ்சள் பஸ்ஸில் எங்கேயோ அனுப்புகிறீர்கள் என்று கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஊர்ப் பள்ளிக்கூடம் போனால் ஊரில் பாதி போய்விடும் என்பது நமக்குத் தெரியாததா?

அதே காலத்தில் புதிய பல்கலைக்கழகங்கள் வந்தன. பல்கலைக்கழகங்களைப் பார்க்க 1964 இல் தனி அமைச்சு உருவானபோது அதையும் டேவிஸிடமே கொடுத்தார்கள். ரென்ற், புரொக் எல்லாம் அந்தச் சமயத்தில் எழுந்தவை. நம் ஸ்காபரோவில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் வளாகம் தொடங்கியதும் 1964 இல்தான். அந்த வளாகத்தின் பழைய கொங்கிறீற் கட்டடத்தைத் தொலைக்காட்சி வழியாக விரிவுரை நடத்தும் திட்டத்தோடு கட்டினார்கள். ஒரு பேராசிரியர், பல வகுப்பறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி. பரிசோதனை கனகாலம் நிலைக்கவில்லை. கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்து திரையைப் பார்த்துப் பட்டம் எடுத்த பிள்ளைகள் அங்கே பின்வரிசையில் சிரிக்கிறார்கள், சரி. அதே வளாகத்துக்குத் தமிழ் இருக்கை அமைக்க நம் சனம் கொடுத்த காசு 2021 இல் இலக்கைத் தொட்டது உங்களுக்குத் தெரியும். தொலைக்காட்சி மோகம் டேவிஸை விடவில்லை. 1970 இல் மாகாணத்துக்கென்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கினார். நம் பிள்ளைகள் காலையில் பார்த்து ஆங்கிலம் பழகிய ரிவிஓ அதுதான்.

ஆனால் அவர் செய்தவற்றில் நம்மோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது கல்லூரிகள். பல்கலைக்கழகம் போகாத பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு என்ன வழி என்ற கேள்விக்கு அன்றைக்குச் சரியான பதில் இல்லை. 1965 மே மாதம் டேவிஸ் சட்டமன்றத்தில் கல்லூரித் திட்டத்தை முன்வைத்தார். அமெரிக்காவில் இருந்ததுபோலப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கட்டாக இருக்கும் கல்லூரி அல்ல. தொழில் கற்றுக்கொடுத்து நேரே வேலைக்கு அனுப்புவது. முதலாவதாகத் திறந்தது ஸ்காபரோவின் சென்ரெனியல் கல்லூரி, 1966 ஒக்டோபரில். எங்கே தெரியுமா? வோடன் வீதியில், இரண்டாம் உலக யுத்தத்தில் வெடிமருந்து அடைத்த பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில். புதிதாக ஒன்றைக் கட்டி முடியும்வரை காத்திருக்கவில்லை. சுவருக்குச் சாயம் பூசினார்கள், வாங்குகளைப் போட்டார்கள், தொடங்கிவிட்டார்கள்.

நான் எண்பதுகளின் கடைசியில் அந்த வளாகத்துக்கு மாலை வகுப்புக்குப் போனவன். பகலில் உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு, வோடன் சுரங்கரயில் நிலையத்தில் இறங்கி, பனிக்குள் நடந்து போய்க் கணக்கியல் படித்தேன். என் வகுப்பில் மூன்று தமிழர், இரண்டு சீனர், ஒரு கயானாக்காரி. எல்லாருடைய கையிலும் வேலை செய்த வாசனை. வெடிமருந்து அடைத்த இடத்தில் இருக்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால், யுத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த நாங்கள் மூன்று பேரும் எப்படிச் சிரித்திருப்போம்! இந்தக் கல்லூரிகளை நினைத்தபோது டேவிஸின் மனதில் யாழ்ப்பாணத்துப் பொடியன் இருந்திருக்க முடியாது. ஒஷாவாவில் கார்த் தொழிற்சாலைக்குப் போகிறவனின் மகன்தான் இருந்திருப்பான். ஆனாலும் கதவைத் திறந்து வைத்தவர் அவர். உள்ளே வருகிறவன் எந்த ஊர் என்று கதவு கேட்கவில்லை.

அப்புறம் 1971. றொபார்ட்ஸ் ஒதுங்கினார். கொன்சர்வேற்றிவ் கட்சித் தலைமைக்கு நடந்த மாநாட்டில் நான்காவது சுற்றுவரை போய், அலன் லோரன்ஸ் என்பவரை டேவிஸ் வென்றது வெறும் 44 வாக்கில். 812க்கு 768. எல்லாரும் எதிர்பார்த்த ஆள் மயிரிழையில் தப்பினார்.

முதல்வராகி மூன்று மாதத்தில், 1971 யூன் 3, ஸ்படைனா விரைவுச்சாலையை நிறுத்தினார். 401 நெடுஞ்சாலையிலிருந்து ரொறன்ரோ நகரின் நெஞ்சுக்குள் இறங்கவேண்டிய சாலை அது. பள்ளத்தாக்கையும் பல குடியிருப்புகளையும் வெட்டிக்கொண்டு போகும். மண் கிண்டி, காசும் நிறையச் செலவழித்தாயிற்று. நியூயோர்க்கிலிருந்து வந்து குடியேறியிருந்த, நகரங்களைப் பற்றி எழுதும் ஜேன் ஜேக்கப்ஸ் உட்படப் பலர் எதிர்த்தார்கள். டேவிஸ் சட்டமன்றத்தில் சொன்னது இது: மோட்டார் வண்டிகளுக்காகப் போக்குவரத்தை அமைக்கிறோம் என்றால் ஸ்படைனா தொடங்குவதற்கு நல்ல இடம், மனிதருக்காக அமைக்கிறோம் என்றால் அது நிறுத்துவதற்கு நல்ல இடம். கட்டி முடித்த துண்டுதான் இன்றைக்கு எக்ளின்ரன் வீதியில் முட்டிக்கொண்டு நிற்கும் அலன் வீதி. அந்த முனையில் முக்கால் மணி நேரம் மாட்டுப்பட்டு நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் அந்த வழியில் 1978 இல் சுரங்கரயில் வந்தது.

ஸ்படைனாவைப் பற்றிச் சொன்ன அந்த வசனம் ஒன்றுதான் அவர் பேசிய பேச்சில் சனம் இன்றைக்கும் ஞாபகம் வைத்திருப்பது. மற்றபடி புகைக்கும் பைப்பைக் கையில் வைத்துக்கொண்டு, சுற்றிச் சுற்றிப் பேசி, கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததா இல்லையா என்று நிருபர்களைக் குழம்ப விடுவார். ஏன் இப்படி உப்புச் சப்பில்லாமல் இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, உப்புச் சப்பில்லாமல் இருந்தால்தான் காரியம் நடக்கிறது என்றாராம். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அவருடைய அரசியல் முழுவதும் அதற்குள் இருக்கிறது. சத்தம் போடாமல், எல்லாரையும் கேட்டு, இழுத்தடித்து, எதிர்ப்பவனுக்கே அலுத்துப்போன பிறகு செய்வது. 3,000 சபைகளை 200க்குள் கொண்டுவந்தது அப்படித்தான். 1975 இல் பெரும்பான்மையை இழந்து, 125 இல் 51 ஆசனத்தோடு நின்றபோதும் அவர் பதறவில்லை. எதிரணி கேட்ட வாடகைக் கட்டுப்பாட்டைத் தானே கொண்டுவந்தார். வாடகை வீட்டில் இருப்பவர்கள், வருடத்துக்கு இத்தனை வீதத்துக்கு மேல் கூட்ட முடியாது என்று வீட்டுக்காரரிடம் வாதாடுகிறீர்களே, அதற்கு வேர் அங்கேதான். 1977 இலும் சிறுபான்மை. 1981 இல் திரும்ப 70 ஆசனம்.

அரசியலமைப்பைப் பற்றி ஒன்று மட்டும். அதுவரை பிரித்தானியப் பாராளுமன்றத்தின் கையில் இருந்த கனடாவின் அரசியலமைப்பை இலண்டனிலிருந்து கொண்டுவரப் பிரதமர் பியர் ட்ரூடோ முயன்றபோது, பத்து முதல்வர்களில் ஆரம்பத்தில் அவர் பக்கம் நின்றவர்கள் இரண்டே பேர். நியூ பிரன்ஸ்விக்கின் ஹற்ஃபீல்ட், மற்றது டேவிஸ். ட்ரூடோ லிபரல், டேவிஸ் கொன்சர்வேற்றிவ். 1981 நவம்பரில் இணக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, இதை ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இனி என் ஆதரவு இல்லை என்று ட்ரூடோவுக்குத் தொலைபேசியில் சொன்னவரும் இவர்தான்.

சரி, இவ்வளவு நிதானமான மனிதர் ஒரே ஒரு தடவை நிதானத்தைக் கைவிட்டார். கத்தோலிக்கப் பாடசாலைகளுக்கு அன்றைக்கு அரசாங்கக் காசு பத்தாம் வகுப்பு வரைதான். அதற்கு மேல் பெற்றோர் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. 1971 இல் இதை நீட்டிக்கச் சொல்லிக் கேட்டபோது டேவிஸ் முடியாது என்றார். அந்த வருடத் தேர்தலில் 117 இல் 78 ஆசனம் எடுத்தார். அந்த மறுப்பும் வெற்றிக்கு உதவியது என்று சொல்வார்கள். 1984 யூன் 12, அதே மனிதர் எழுந்து, கடைசி வகுப்பு வரை முழுப் பணமும் கொடுப்போம் என்றார். அமைச்சரவைக்கே கடைசி நேரத்தில்தான் தெரிந்தது. சட்டமன்றத்தில் எல்லாக் கட்சியும் கைதட்டியது. வெளியே கட்சியின் பழைய ஆதரவாளர்கள் வாயடைத்துப்போனார்கள். அந்த வருடம் ஒக்டோபரில் டேவிஸ் விலகுவதாக அறிவித்தார். 1985 தேர்தலில் புதிய தலைவர் பிராங் மில்லர் அதற்கு வாங்கிக்கட்டினார். அங்கிலிக்கன் பேராயர் ஒருவர் இந்த முடிவு வந்த விதத்தை ஹிட்லரோடு ஒப்பிடும் அளவுக்கு எதிர்ப்புப் போனது. 1943 இலிருந்து 42 வருடம் ஆண்ட கட்சி அந்த யூனில் இறங்கியது. வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும், ஊரைக் கேட்டுக் கேட்டே எல்லாம் செய்த மனிதர் கேட்காமல் செய்த ஒரு காரியத்துக்கு, அவருக்குப் பின்னால் வந்தவர் வட்டி கட்டினார் என்றுதான் நான் பார்க்கிறேன்.

செய்தது சரியா? இந்தச் சபையிலேயே இரண்டு பதில் இருக்கும். மன்னாரிலிருந்தும் பாசையூரிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இங்கே காசு கட்டாமல் கத்தோலிக்கப் பாடசாலையில் படித்து முடித்திருக்கிறார்கள். சைவக் குடும்பங்களும் அனுப்பியிருக்கின்றன, அது வேறு கதை. மற்றப் பக்கம், ஒரு சமயத்துக்கு மட்டும் ஏன் என்ற கேள்வி. 1999 இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு இது பாகுபாடு என்றே சொன்னது. 2007 இல் மற்றச் சமயப் பாடசாலைகளுக்கும் காசு கொடுப்போம் என்று சொல்லி கொன்சர்வேற்றிவ் தலைவர் தேர்தலில் நின்றார். தன் தொகுதியிலேயே தோற்றார். அவர் வேறு யாருமில்லை, ஜோன் ரோரி. டேவிஸ் முதல்வராக இருந்தபோது அவருடைய முதன்மைச் செயலாளராக வேலை பார்த்தவர், பிற்காலத்தில் நம் ரொறன்ரோ மாநகர முதல்வராக இருந்தவர்.

கேள்வி நேரத்தில் முதல் கை இதற்குத்தான் உயரும் என்று தெரியும். மைக்கை முன்வரிசையில் இருக்கும் அக்காவிடம் கொடுங்கள், அவ ஏற்கெனவே கையைத் தூக்கிவிட்டா.