ரெட் கணவாயின் வரைபடத்தை எப்படிப் படிப்பது?

வணக்கம் நண்பர்களே. இன்று என் மேசையில் விரித்திருப்பது, கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவில், கிரேப்வைன் மலைகளின் நடுவே உள்ள ரெட் கணவாயைக் காட்டும் தலப்படம். அளவை 1:24,000; அதாவது தாளில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 240 மீட்டர்.

இங்கே பாருங்கள், ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் பழுப்புநிறச் சம உயரக் கோடுகள் இரண்டு பக்கம் ஏறி, மற்ற இரண்டு பக்கம் இறங்குகின்றன. குதிரைச் சேணம் போன்ற இந்த வடிவம்தான் கணவாய். உயரம் சுமார் 5,250 அடி. நெவாடா பக்கமிருந்து வரும் ஒருவழி மண்சாலை இதைத் தாண்டி, லெட்ஃபீல்டு என்ற கைவிடப்பட்ட சுரங்க ஊருக்கு இறங்குகிறது. 1926 ஆகஸ்டில் திறந்த அந்த ஊரின் அஞ்சலகம் 1927 ஜனவரியிலேயே மூடப்பட்டது என்றால், ஊர் எத்தனை நாள் தாக்குப்பிடித்திருக்கும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கணவாயைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். என்னைக் கேட்டால், பயப்பட வேண்டிய இடம் அதற்குக் கீழே, டைட்டஸ் பள்ளத்தாக்கின் வாய்க்கு அருகே இருக்கிறது. அங்கே பாறைச் சுவர்களின் இடைவெளி சில இடங்களில் 20 அடிக்கும் குறைவு. இந்த அளவையில் 20 அடி என்பது கால் மில்லிமீட்டர். என் கையிலுள்ள பென்சில் கோடே அதைவிடத் தடிமன். அதனால் சம உயரக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிப் பழுப்புப் பட்டையாகத் தெரிகின்றன. சாலையும், மழைக்கு மட்டும் ஓடும் ஓடையைக் குறிக்கும் விட்டுவிட்டு வரும் நீலக் கோடும் அந்தப் பட்டைக்குள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு செல்கின்றன. வரைந்தவர் தவறு செய்யவில்லை. அங்கே சாலை வேறு, ஓடை வேறு அல்ல.

பள்ளத்தாக்கைத் தாண்டியதும் கோடுகள் திடீரென அரைவட்டங்களாக விரிகின்றன. காட்டாற்று வெள்ளம் அந்த இடுக்கின் வழியே உருட்டிவந்து கொட்டிய கல்லும் மண்ணும் சேர்ந்த வண்டல் விசிறி அது. ஆகவே கிளம்பும் நாளில் நான் முதலில் பார்க்கப்போவது என் தலைக்கு மேலுள்ள வானத்தை அல்ல. இந்த நீலக் கோடுகளெல்லாம் தொடங்கும் மேட்டுப் பகுதியின் வானத்தை.