தலைமாட்டுக் கல்

(உவர்மலையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சபையோருக்கும், பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

கன்னியாவில் குளிக்காதவர் இங்கே இருக்க மாட்டீர்கள். தாய்க்குக் கடைசிக் கடன் செய்ய இராவணன் வாளால் குத்தியதில் பொங்கிய வெந்நீர் என்பது நம் ஊர்க் கதை. இன்று நான் பேச வந்தது, கதை சொல்லக்கூட ஆளில்லாமல் போன சாவுகளைப் பற்றி.

வெருகல் ஆற்றைத் தாண்டினால் கதிரவெளி. அங்கே பெருங்கற்காலப் புதைகுழிகள் உண்டு, அதாவது இறந்தவரைப் பெரிய கற்கள் வைத்துப் புதைத்த பழங்காலத்துக் குழிகள். பலகைக் கற்களை நாலு பக்கமும் நிறுத்தி அறையாக்கிய கல்லறைகள். தமிழ்நாட்டில் பல இடங்களில் குழிக்கு மேல் கல்லைக் குவித்து, சுற்றிவரப் பாறைகளால் வட்டம் கட்டியிருப்பார்கள். அது கற்குவை. காட்டுவழியில் அம்பு பட்டு விழுந்தவர்மேல் குவித்த கல்லைச் சங்கப் பாட்டு 'பதுக்கை' என்கிறது. நம் தீவில் குவையைவிடக் கல்லறையும், தாழி என்கிற பெரிய மண்பானையும்தான் அதிகம். புத்தளம் பக்கத்துப் பொம்பரிப்பில் 1924இல் முதலில் தோண்டியபோது வந்தவை தாழிகள். ஒரே தாழிக்குள் பலருடைய எலும்பு. உடலை அப்படியே இறக்கவில்லை. முதலில் வேறெங்கோ வைத்து, பிறகு எலும்பைப் பொறுக்கிப் போட்டிருக்கிறார்கள். நாம் காடாற்றிச் சாம்பல் எடுப்பதில்லையா? அந்த மாதிரித்தான்.

இந்தக் குழிகளில் கிடைக்கும் கறுப்பு சிவப்புச் சட்டியைக் கையில் எடுத்தால் வைக்க மனம் வராது. உள்ளும் வாயோரமும் கறுப்பு, வெளியே சிவப்பு. இரண்டு நிறம் பூசியதல்ல. சட்டியைக் கவிழ்த்துச் சூளையில் வைத்தால் உட்பக்கத்துக்குக் காற்று போகாது, கறுக்கும். வெளிப்பக்கம் காற்றில் சிவக்கும். அவ்வளவு கைத்தேர்ச்சி!

சரி, சட்டியையும் மணியையும் எடுத்து நூதனசாலையில் வைத்துவிட்டால் போதாதா, குழியை ஏன் காக்க வேண்டும் என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980இல் ஒரு முத்திரை கிடைத்தது. மேல்வரியில் குறியீடுகள், கீழ்வரியில் பிராமி என்கிற பழைய எழுத்து. அதைச் சந்தையில் யாராவது விற்றிருந்தால் வெறும் பழைய சாமான். பெருங்கற்காலப் புதைகுழிக்குள் இருந்ததால்தான், குறியீடு போட்ட மக்களிடம் எழுத்தும் இருந்தது என்று பேச முடிந்தது. தம்புள்ளைக்குப் பக்கத்தில் இப்பன்கட்டுவவும் அப்படித்தான். குழியில் இருந்த கரி கி.மு. 700 – 400 என்று காலம் சொன்னது. கூட இருந்த செம்மணிக்கல் இந்தியாவிலிருந்து வந்தது. எது எதோடு, எதன் கீழே கிடந்தது என்பதுதான் சங்கதி. கல்லைப் புரட்டிவிட்டால் கரி ஒரு பக்கம், மணி ஒரு பக்கம். பிறகு ஆளுக்கொரு கதை கட்டலாம்.

கதை கட்ட நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. தமிழனா, சிங்களவனா என்று முதலில் எலும்பிடம் கேட்கிறோம். எலும்புக்கு மொழி கிடையாது. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே மாதிரிப் புதைத்தார்கள் என்பது மட்டும் தெரிகிறது. எனக்கு அது போதும்.

சட்டம் இருக்கிறது, 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம். ஆனால் கிணற்றடிவரை சட்டம் வராது. பல வருடத்துக்கு முன் ஒரு கிராமத்தில் தண்ணி கேட்டுப் போன வீட்டில், உடுப்புத் தோய்க்கிற கல்லைப் பார்த்து நின்றுவிட்டேன். நல்ல பலகைக் கல். ஒரு ஓரம் மட்டும் கொத்தி நேராக்கியது. காட்டுக்குள் கிடந்ததாம், வண்டியில் ஏற்றி வந்தார்களாம். விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா பதறி, "திரும்பக் கொண்டுபோய் வைக்கட்டா தம்பி?" என்றார். எந்த இடத்தில் வைப்பது? குழி இருந்த இடம் அதற்குள் வயலாகிவிட்டது.

கொஞ்ச நேரம் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றவர் கேட்டார்: "அப்ப ஆற்றயோ தலைமாட்டுக் கல்லிலயா நான் இவ்வளவு நாளும் உடுப்புத் தோய்ச்சனான்?"