இடக்கை திறக்கும் மேற்சட்டை

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். ஊசியும் நூலும் கொண்டு வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் நாமே செய்து கொடுக்கக்கூடிய எளிய பொருள்களைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். வானொலியில் படம் காட்ட வழியில்லை என்பதால், ஒரு துண்டுத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் நான் சொல்வது எளிதில் விளங்கும்.

துணிக்காகக் கடைக்குப் போக வேண்டியதில்லை. தைக்காத ரவிக்கைத் துணி இல்லாத அலமாரி நம் வீடுகளில் அரிது. கல்யாணத்திலும் வளைகாப்பிலும் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்ததை, நாமும் இன்னொருவருக்கு வைத்துக் கொடுக்கலாமே என்று எடுத்து வைத்து, மடிப்பு பழுக்கும்வரை மறந்துவிடுகிறோம். அப்படி ஒரு துணியில் நான்கு சுருக்குப் பைகளாவது தைத்துவிடலாம். பருத்தித் துணியானால் வெட்டுவதற்கு முன்பே ஒருமுறை நனைத்துக் காயவைத்துவிடுங்கள், பிறகு சுருங்காது.

20 சென்டிமீட்டர் அகலமும் 50 சென்டிமீட்டர் நீளமும் உள்ள துண்டாக வெட்டி, துணியின் நல்ல பக்கம் உள்ளே போகும்படி நீளம் பாதியாகும்படி இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். மடிப்பு அடியில் இருக்கட்டும். விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, இரு பக்கங்களையும் அடியிலிருந்து மேல்நோக்கி, ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைச் சற்றுப் பின்னால் குத்தி எடுக்கும் பின்தையலாகத் தைத்து, மேலே 6 சென்டிமீட்டர் இருக்கும்போது நிறுத்தி, நல்ல பக்கம் வெளியே வரும்படி பையைப் புரட்டிவிடுங்கள். தைக்காமல் விட்ட அந்தப் பக்க விளிம்புகளை உள்ளே மடித்துத் தைத்த பிறகு, வாய்ப்பகுதியை இரு புறமும் முதலில் ஒரு சென்டிமீட்டரும் மறுபடி 2 சென்டிமீட்டருமாக மடித்துத் தைத்தால், கயிறு ஓடும் குழல் அமைந்துவிடும். 60 சென்டிமீட்டர் நீளக் கயிறு இரண்டு வேண்டும். ஒன்றை இடப்பக்கம் நுழைத்து, இரு குழல்களையும் சுற்றிவரச் செய்து இடப்பக்கமே எடுத்து முடிச்சிட வேண்டும். மற்றதை அதேபோல் வலப்பக்கம். இரண்டையும் பிடித்து இழுத்தால் பையின் வாய் மூடிக்கொள்ளும். நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த பைதான் இது. வெற்றிலை பாக்குக்குப் பதிலாக இன்று மருந்து அட்டையும் மூக்குக்கண்ணாடியும் இருக்கும்.

அந்தக் கயிற்றையும் கடையில் வாங்க வேண்டாம். நுனியில் கொக்கியுள்ள 4 மில்லிமீட்டர் குரோஷே ஊசியும் ஓர் உருண்டைப் பருத்தி நூலும் இருந்தால், ஒரு வளையத்துக்குள்ளிருந்து அடுத்த வளையத்தை இழுக்கும் சங்கிலிப் பின்னலை நீள நீளமாகப் போட்டுக்கொண்டே போவது போதும். குரோஷே பழக விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல முதற்பாடம் எனக்குத் தெரியாது. பிழை நேர்ந்தால் நூலை இழுத்தால் அவிழ்ந்துவிடும். அவிழ்ந்த நூல் வீணாவதும் இல்லை.

கோலாலம்பூர் வெயிலில் பின்னிய உடையை யார் போடுவார்கள் என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். வெளியே புழுங்கினாலும், நீண்டதூரப் பேருந்திலும் அலுவலகத்திலும் நாம் குளிரில் நடுங்கிக்கொண்டுதானே உட்கார்ந்திருக்கிறோம். அதைவிடக் குளிரான ஓரிடத்தை என் அத்தை, அதாவது என் மாமியார், எனக்குக் காட்டினார். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம், அவர் டயாலிசிஸ் எனப்படும் சிறுநீரகச் சுத்திகரிப்புக்காகப் படுத்திருக்கிறார். இரத்தம் உடலை விட்டு வெளியேறிக் குழாய்களின் வழியே ஓடித் திரும்புவதால் உடம்பு சில்லிட்டுப் போகிறது. அறையின் குளிர்சாதனமும் சேர்ந்துகொள்கிறது.

அவருக்காக நான் முதலில் பின்னிய மேற்சட்டையை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது. மூன்று வாரம் இரவு இரவாக உட்கார்ந்து பின்னி, மணிக்கட்டில் அழகாக இறுகிப் பிடிக்கும்படி முடித்திருந்தேன். அத்தை ஆசையோடு அணிந்துகொண்டு போனார். அங்கிருந்த தாதி பார்த்தவுடனேயே கழற்றச் சொல்லிவிட்டார். ஊசி ஏற்றுவதற்காக அறுவைச் சிகிச்சை செய்து இரத்தக் குழாய்களை இணைத்திருக்கும் கையில் எதுவும் இறுக்கமாக இருக்கக் கூடாது. சிகிச்சை நேரம் முழுவதும் அந்தக் கை கண்ணுக்குத் தெரிந்துகொண்டும் இருக்க வேண்டும். தாதி சொன்னது முற்றிலும் சரி. அத்தையின் மார்பளவும் தோளளவும் எடுத்த நான், அந்தக் கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, இடக்கையை மட்டும் அவிழ்த்து மறுபடி பின்னினேன். இம்முறை அது குழாய்போல் மூடிய கையன்று. தோளிலிருந்து மணிக்கட்டுவரை திறந்திருக்கும் ஒரு பட்டை. இரு விளிம்புகளையும் தளர்வாகச் சேர்த்துப் பிடிக்க ஒன்பது பெரிய பொத்தான்கள். வலக்கையாலேயே அவர் போட்டுக் கழற்ற வேண்டும் என்பதால், அவருடைய விரல்களில் ஒரு பொத்தானைக் கொடுத்துப் பார்த்த பிறகே துளையின் அகலத்தை முடிவு செய்தேன். அடிக்கடி துவைக்க வேண்டியது என்பதால் பருத்தியும் அக்ரிலிக் என்னும் செயற்கை இழையும் கலந்த நூல். பருத்தி மட்டும் என்றால் ஈரம் ஏறியதும் கனத்துத் தொங்கிவிடும்.

மாறாக, அடுப்படியில் சூடான பாத்திரம் பிடிக்கும் சதுரத் துணி பின்னுகிறவர்கள் பருத்தி நூலைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது. அக்ரிலிக் சூட்டில் உருகிக் கையைச் சுட்டுவிடும். இரண்டு சதுரங்களைப் பின்னி ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்தால் சூடு எளிதில் ஏறாது. கைக்குழந்தைக்குச் செய்யும் எதிலும் பொத்தானும் மணியும் வேண்டாம். விரல் மாட்டிக்கொள்ளும் அளவுக்குப் பெரிய ஓட்டைகளும் வேண்டாம்.

எதைச் செய்து கொடுத்தாலும், அதே நூலில் ஒரு முழம் அளவைச் சிறு அட்டையில் சுற்றி, உபரியாக ஒரு பொத்தானும் சேர்த்து, உள்மடிப்பில் இரண்டு தையல் போட்டு வைத்துவிடுங்கள். சென்ற மாதம் அத்தையின் சட்டையில் முழங்கை அருகே ஒரு பொத்தான் அறுந்துவிட்டது. நான் போய்ச் சேருவதற்குள், முன்பு கழற்றச் சொன்ன அதே தாதி அந்த நூலை எடுத்து அதைத் தைத்துக் கொடுத்திருந்தார்.

வணக்கம்.